கொள்ளிக்கு வராத மகள்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் யாராவது எதிரில் வந்தால் முதல் கேள்வி இதுதான்: "கப்பல்ல உலகத்தையே சுத்திக்கினு வந்துட்டீங்களாமே?" கப்பல் இல்லை, படகு. உலகமும் இல்லை, இந்தோனேசியாவில் சில தீவுகள். சுற்றி வந்தேன் என்பதும் சரியில்லை, பாதியில் இறங்கி ஓடி வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். சிலர் விடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் படங்களை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், காற்றில் புடைத்த பாய். "குடுத்து வச்சவருங்க அவரு" என்பார்கள். அவர் கொடுத்து வைத்தவர்தான். வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

அவர் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வேயில் இருந்தவர். ரயில் சத்தத்தில் வளர்ந்த மனிதருக்குக் கடல் மேல் எப்படி இவ்வளவு பித்துப் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பல வருடம் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போவார். நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேலையை விட்டதும் ஊருக்கு வந்துவிடுவார், இனிமேலாவது ஒரு வீட்டில் இரண்டு பேராக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். "எல்லாரும் ரிடையர் ஆனா ஊர்ல வீடு கட்டுவாங்க. மாமா தண்ணி மேல கட்டிட்டாரு" என்று என் தங்கை சிரித்தாள். அப்போது நானும் சிரித்தேன்.

இந்தக் கதைக்கு என் அப்பாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் போட்டவர். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. நானும் தங்கையும் மட்டும். எதிர்வீட்டில் பெரியப்பாவின் மகன். சின்ன வயதிலிருந்து வாய் நிறைய "சித்தப்பா, சித்தப்பா" என்பான். முதுகுக்குப் பின்னால் "ஆம்பளப் புள்ள இல்லாத வீடு" என்பான். எங்கள் அம்மாவின் கருமாதிச் சாப்பாட்டில், பந்தியில் நாலு பேர் கேட்கும்படி அப்பாவைப் பார்த்துச் சொன்னான்: "நீ ஒண்ணும் கவலப்படாத சித்தப்பா. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் வந்து கொள்ளி வெக்கிறேன்."

பிச்சை போடுகிற குரல் அது. அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"உன்ன எவன்டா கூப்ட்டான்? எனக்கு எம் பெரிய பொண்ணு வெப்பா."

எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும், சுடுகாட்டுக்கு வரக்கூடாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாம்பார் வாளியோடு நின்றிருந்த நான் "வெக்கிறேம்பா" என்றேன்.

கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் அப்பா அதை விடவில்லை. டீக்கடையில் சொன்னார், பால் சொசைட்டியில் சொன்னார், மல்லாட்டை மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரனிடம்கூடச் சொன்னார். எதிர்வீட்டுக்காரனும் விடவில்லை. "பொம்பள எப்பிடி சுடுகாட்டுக்கு வர்றான்னு பாத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். போகப் போக அது ஊரே காத்திருக்கிற ஒரு பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. அப்பா தன் சாவுக்குப் பயந்தவராகத் தெரியவில்லை. அன்றைக்கு நான் வந்து நிற்கப்போகிற காட்சியை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேறி வீட்டுக்கு வந்தார். அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். பத்துப் படகுகள் கூட்டாகத் தீவு தீவாகப் போகின்றனவாம். அவரும் சேர்ந்துகொண்டாராம். ஆனால் ஒற்றை ஆளாக அந்தக் கடல்களைத் தாண்ட முடியாதாம். "நீ வந்தாதான் ஆச்சு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுந்த மாதிரி விழுந்தேன்.

அப்பாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "படகுல கக்கூசு இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுப்பா."

"அப்ப போய்ட்டு வா. மாப்ளயும் எத்தினி வருஷமா ஒண்டியா கெடக்கறாரு." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணுன்னா வந்துடுவ இல்ல?" என்றார்.

"எங்க இருந்தாலும் வந்துடுவேம்பா."

தங்கை என்னை பஸ் ஏற்ற வந்தாள். அவள் வீடு அப்பா வீட்டுக்கு அடுத்த தெரு. பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். "எத்தினி நாளானாலும் ஐஸ் பெட்டியில வெச்சிக்கினு உக்காந்திருப்பேன்க்கா. நீ வந்தாதான் எடுப்பேன். ஆனா வந்துடணும்" என்றாள். அபசகுனமாகப் பேசாதே என்று அவளைத் திட்டிவிட்டு ஏறினேன்.

படகு வாழ்க்கையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். எங்கள் வீட்டுக் குளியலறையை இரண்டாக மடித்தால் எவ்வளவோ அவ்வளவு சமையல் இடம். அடுப்பு தொட்டில் மாதிரி ஆடும். நாம் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து ஆட வேண்டும். முதல் சில வாரங்கள் சமைத்ததைவிட வாந்தி எடுத்ததுதான் அதிகம். எந்தத் துணியும் முழுசாகக் காயாது. உப்புப் பிடித்த தலையணை. இரவில் முறை வைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும், மற்றவர் தூங்கலாம். கல்யாணமாகி ஒரே கூரைக்குக் கீழே வந்தும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்ததில்லை. சிங்கப்பூரே பக்கம் என்று தோன்றிவிட்டது.

கூட வந்தவர்களில் எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர்கள். ஆஸ்திரேலியாக்காரர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், தனியாக வந்த ஓர் அமெரிக்கர். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஜோடிகள். ஊர், உறவு, தொல்லை எதுவும் வேண்டாமென்று கிளம்பி வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் போகிற தீவிலெல்லாம் ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு, பத்துப் படகையும் வைத்து ஒரு தெருவை உண்டாக்கிவிடுவார்கள். அந்தத் தெருவுக்கு நாட்டாமை ஓர் ஆஸ்திரேலியாக்காரர். சாட்டிலைட் போனும் இன்டர்நெட்டும் அவர் படகில்தான் இருந்தன. அவசரத்துக்கு என்று எல்லோரும் வீட்டில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். எங்கள் படகுக்கும் ஒன்று வைக்கலாமே என்று கேட்டேன். "கூட்டமா போறப்ப ஒருத்தர்கிட்ட இருந்தா போதும்" என்றுவிட்டார் என் வீட்டுக்காரர்.

நாட்டாமையின் மனைவியை நான் மனதுக்குள் தலைவரம்மா என்றுதான் சொல்வேன். நான் கயிறு கட்டினால் வந்து அவிழ்த்து வேறு மாதிரி கட்டுவாள். ஒருநாள் நான் கருவாடு வறுத்தபோது, எதிர்க்காற்றில் இருந்த தன் படகுக்கு வாசனை எப்படி வந்ததோ தெரியாது, கேக்குகள் கெட்டுப் போய்விடும் என்று ரேடியோவில் கூப்பிட்டுச் சொன்னாள். மற்றவர்கள் மரியாதையாகத்தான் இருந்தார்கள். அந்த மரியாதை எப்படி என்றால், கையை ஆட்டுவார்கள், சிரிப்பார்கள், பெயரைத் தப்பாகச் சொல்வார்கள், போய்விடுவார்கள்.

அந்த ரேடியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு படகிலும் ஒன்று. எல்லோரும் ஒரே சேனலில் இருப்பார்கள். காலையில் நாட்டாமை ஒவ்வொரு படகாகப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிப்பார், காற்று எப்படி என்று சொல்வார். இரண்டு பேர் தனியாகப் பேச வேண்டுமானால், "வேறு சேனலுக்குப் போகலாம்" என்று அதன் எண்ணைச் சொல்லிவிட்டு மாறிக்கொள்வார்கள். அந்த எண்ணை எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஆகவே பத்துப் படகும் அந்தச் சேனலுக்கு மாறிவிடும். மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் முதல் தடவை அப்படித் திருகியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னாங்க இது, அடுத்தவங்க பேசறத ஒட்டுக் கேக்கறீங்க?"

"எல்லாரும்தான் கேக்கறாங்க. கேட்டா தப்பில்ல. கேட்டேன்னு காட்டிக்கிறதுதான் தப்பு."

உண்மைதான். டச்சுக்காரருக்கும் மனைவிக்கும் சண்டை என்றால் பத்துப் படகுக்கும் தெரியும். மறுநாள் ஒருவர்கூட வாய் திறக்கமாட்டார்கள். அமெரிக்கருக்கு முழங்கால் வலி என்று ரேடியோ வழியாகத் தெரிந்தால், "எங்களிடம் மிச்சம் இருக்கிறது" என்று யாராவது தைலம் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாருக்கு, எதற்கு என்ற பேச்சே இருக்காது. எங்கள் ஊரில் ஒரு வீட்டு ரகசியம் அடுத்த வீட்டுக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் பம்ப்செட் வரைக்கும் போய்விடும். அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, இதல்லவா நாகரிகம் என்று நான் மெச்சிக்கொண்டேன். மெச்சிக்கொண்டதற்கு நன்றாக அனுபவித்தேன்.

ஒரு சின்னத் தீவில் நங்கூரம் போட்டு நின்றிருந்தோம். தென்னந்தோப்பு, ஒரு மசூதி, நாற்பது ஐம்பது வீடு, ஒரு மரப் படகுத்துறை. போனுக்கு சிக்னல் வந்து பல நாளாகியிருந்தது. அந்தக் காலையில் நானும் பிரெஞ்சுக்காரம்மாவும் கரைக்குப் போய் கீரையும் தேங்காயும் வாங்கிக்கொண்டிருந்தோம். திண்டிவனத்தில் அன்றைக்கு விடியும் நேரத்தில் என் அப்பா இறந்துபோயிருந்தார். எனக்குத் தெரியாது. என் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, என் தங்கை நாட்டாமையின் நம்பருக்கு அடித்தாள்.

பிரெஞ்சுக்காரம்மாவின் இடுப்பில் ஒரு கை ரேடியோ எப்போதும் இருக்கும். அது கரகரத்தது. எங்கள் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேறு சேனல் என்றார்கள். அந்தம்மா வழக்கப்படி திருகினாள், காதில் வைத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள். காற்று நிலவரமாக இருக்கும் என்று நினைத்து நான் எதுவும் கேட்கவில்லை. மூன்று ஆட்டுக்குட்டிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் என் கையிலிருந்த தேங்காய்ப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "கனமாக இருக்கிறது, நான் தூக்குகிறேன்" என்றாள். படகுத்துறை வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கடல் பழகாத எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

படகில் என் வீட்டுக்காரர் இன்ஜின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்திருந்தார். "என்னா ஒரு மாரி இருக்கறீங்க?" என்றேன். "வயிறு சரியில்ல" என்றார். வயிறு சரியில்லாத மனிதர் அன்றைக்கு அவரே ரசம் வைத்து எனக்கும் ஊற்றினார். புளி தூக்கலாக இருந்தது. ஆனாலும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

அன்றைக்கு முழுக்க எனக்கு நடந்த உபசாரத்தை என்னவென்று சொல்வது! டச்சுக்காரர் மனைவி சூடாக ரொட்டி கொண்டுவந்தாள். எங்கள் கழிவறை பம்ப்பைப் பார்த்துத் தரச் சொல்லி நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த அமெரிக்கர் தானாகவே பெட்டியோடு வந்து, வியர்க்க விறுவிறுக்கச் சரிசெய்துவிட்டு, டீ கூட வேண்டாமென்று போனார். தலைவரம்மா கேக் எடுத்துக்கொண்டு வந்தாள். என் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் கருவாடு வெந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் கரையில் கூட்டுச் சாப்பாடு. அவரவர் ஒரு பதார்த்தமும் சொந்தத் தட்டும் கொண்டுவருவது அவர்கள் வழக்கம். நான் தோசையும் மல்லாட்டைச் சட்னியும் செய்திருந்தேன். வழக்கமாக என் பாத்திரம் பாதி மிஞ்சித்தான் திரும்பும். அன்றைக்கு வழித்துத் தின்றார்கள். பிறகு பிரெஞ்சுக்காரம்மா, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்களேன் என்றாள். எத்தனையோ கரைகளில் கூடியிருக்கிறோம். அதுவரை ஒருவரும் என்னைப் பாடச் சொன்னதில்லை. எனக்கு வெட்கம், சந்தோஷம் இரண்டும். மல்லாட்டை பிடுங்கும்போது பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு பாடுகிற கேலிப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டேன். மாமனைக் கிண்டல் செய்கிற பாட்டு. கையைத் தட்டி, இடுப்பை ஆட்டி, நடுவில் ஒரு குலவைகூடப் போட்டேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டச்சுக்காரர் மனைவி அழுதுகொண்டிருந்தாள். மொழி தெரியாமலேயே பாட்டு அவளை உருக்கிவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல மடச்சி நான்.

என் வீட்டுக்காரர் மட்டும் கைதட்டவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொண்டாட்டி ஆடுவது பிடிக்கவில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவர் நாட்டாமையின் படகுக்குப் போய்வந்தார். வந்ததும் நங்கூரத்தைத் தூக்கினோம். அடுத்த கடலைத் தாண்டக் காற்று அன்றைக்குத்தான் சரியாக இருக்கும், விட்டால் பல வாரம் ஆகும் என்றார். நாங்கள் வெளியே வரும்போது துறையில் ஒரு பயணிகள் படகு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று கேட்டேன். விமான நிலையம் இருக்கிற ஊருக்கு என்றார். அதில் நின்றிருந்த பிள்ளைகள் கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன்.

அடுத்த துறைமுக ஊருக்குப் போய்ச் சேர நாலைந்து நாளாயிற்று. காற்று அடித்துப் போட்டது. முறை வைத்து விழித்திருந்தேன், பாயைச் சுருட்டினேன், விரித்தேன், வாந்தி எடுத்தேன். அந்த நாட்களில் அவர் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஊரில் இறங்கியதும் தலைவரம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"உன்னைப்போல் தைரியசாலியை நான் பார்த்ததில்லை" என்றாள். "உன் அப்பாவுக்காக நீ பாடிய பாட்டை நான் மறக்கவே மாட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்காக என்றால்? என் முகத்தைப் பார்த்ததும் அவள் கை தளர்ந்தது. என் தோளுக்கு மேலே என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "தெரியும் என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டாள். "தெரியும், அதைப் பற்றிப் பேச அவளுக்கு விருப்பமில்லை என்று சொன்னீர்களே?"

அங்கே, மீன் பெட்டிகளுக்கும் டீசல் கேன்களுக்கும் நடுவில், என் அப்பா செத்துப்போனதை நான் தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அத்தனை பேரும் ரேடியோவில் கேட்டவர்கள். எனக்குத் தெரியும் என்று தலைவரம்மா நினைத்தாள். மற்றவர்களும் அப்படியே நினைத்திருக்கலாம். யாராவது ஒருத்தி வந்து "உன் அப்பா போய்விட்டாராமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஒட்டுக் கேட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பதிலாக ரொட்டி சுட்டார்கள். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பறை அடித்துச் சொல்வார்கள், வெடி போட்டுச் சொல்வார்கள், எதிரி வீட்டுக்காரனும் வந்து வாசலில் நிற்பான். அந்த நாகரிகமில்லாத ஜனங்களை நினைத்து, அந்தத் துறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"தெரிஞ்சா மட்டும் பறந்து போயிருப்பியா?" என்றார் அவர்.

"அந்தப் படகு நின்னுக்கினு இருந்துதே! ஆள் ஏத்திக்கினு இருந்துதே!"

"அதுல போயி, பிளைட்டு மாறி மாறி, நீ போய் சேர்றதுக்குள்ள... நீ போய்ட்டா நான் ஒண்டியா அந்தக் கடலத் தாண்ட முடியுமா? சொல்லு. எல்லாரும் போயிருப்பாங்க. அங்கயே கெடந்திருக்கணும்."

பொய் சொல்லவில்லை, அந்த மட்டில் நல்லவர். "நீ வந்தாதான் ஆச்சு" என்று சிங்கப்பூரிலிருந்து சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு ராத்திரியில் விழித்திருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் அவன் அப்பன் செத்ததற்கு லீவு கேட்டிருப்பான்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வரவில்லை. படகை யார் பார்த்துக்கொள்வது?

திண்டிவனத்தில் இறங்கி ஊருக்குப் போகும் திருப்பத்தில் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அப்பாவின் படம். கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, முறைத்த பார்வை. கீழே மூலையில், கைகூப்பியபடி, மொட்டைத் தலையோடு எதிர்வீட்டுக்காரன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மாள், "பொண்ணுங்க ரெண்டு இருந்தும் பாவம், அண்ணன் மவந்தான் கொள்ளி வெச்சாரு. பெரியவ வெளிநாட்டுல சொகுசா இருக்குதாம், வர்லயாம்" என்று எனக்கே சொன்னாள். நான் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்குப் பிந்தி வருகிற மகளை வாசலிலேயே பெண்கள் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். தலையோடு தலை முட்டி ஒப்பாரி வைப்பார்கள். எவ்வளவு பகை இருந்தாலும் அந்த நேரத்தில் தோள் கொடுத்துவிடுவார்கள். நான் வாசலில் போய் நின்றேன். மறுநாள் கருமாதி. உள்ளே பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் "அப்பா" என்று குரலெடுத்தேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. தங்கை முறத்தைக் கீழே வைக்காமலேயே "வா" என்றாள். என் குரல் பாதியில் நின்றுவிட்டது. தனியாக ஒப்பாரி வைக்க முடியாது.

கருமாதி முடிந்தது. எதிர்வீட்டுக்காரன் முன்னால் உட்கார்ந்து எல்லாம் செய்தான். ஐயர் "மகன்" என்றுதான் அவனைச் சொன்னார். வருடா வருடம் திதி கொடுப்பதும் இனி அவன்தான். கொள்ளி வைத்தவனுக்குத்தான் அந்த உரிமை. நான் வந்திருந்த பெண்களோடு பெண்ணாகப் பாயில் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "வாக்கா, சாப்ட்டியா?" என்று கேட்டான்.

பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மத்தியானத்தில், பின்கட்டில் நானும் தங்கையும் மட்டும் இருந்தோம்.

"நான் வந்தாதான் எடுப்பேன்னு சொன்னியே" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை. ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

அவள் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"ரெண்டு நாளு வெச்சிக்கினு உக்காந்திருந்தேன். பெரியப்பா ஊட்டு ஜனம் மொத்தமும் வந்து கத்திச்சி, எடு எடுன்னு. என் ஊட்டுக்காரரே திட்டனாரு. எங்கக்கா வரும்னு சொல்லிட்டேன். மொத நாளு மாமா பேசனாரு. அவகிட்ட சொல்லிட்டு நாளைக்கு சொல்றேன்னாரு. மறுநாளும் நான்தான் அடிச்சேன். அக்காகிட்ட குடுங்க மாமான்னேன். பக்கத்துலதான் இருக்கறா, அழுதுக்கினு இருக்கறா, பேச முடியல, எடுத்துட சொல்றான்னாரு. நீதான எடுத்துட சொன்ன?"

எடுத்துவிடச் சொன்னேனாம். அதுவரைக்கும் அவர் மறைத்தார் என்றுதான் நினைத்திருந்தேன். என் வாயையும் அவரே எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அங்கேதான், அந்தப் பின்கட்டில்தான் தெரிந்தது.

"நான் சொல்லல. எனக்குத் தெரியவே தெரியாது. என்கிட்ட யாரும் சொல்லவே இல்ல" என்றேன். நானே கேட்டால் நம்பமாட்டேன், அப்படி இருந்தது.

கோழி ஒன்று வந்து சிந்திக்கிடந்த சோற்றைக் கொத்தியது. அவள் அதை விரட்டினாள்.

"அந்த ரெண்டு நாளு நீ என்னக்கா பண்ணிக்கினு இருந்த? அத்த மட்டும் சொல்லு."

எதையாவது சொல்லியிருக்கலாம். சமைத்தேன், துவைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவளிடமும் ஒரு பொய்யா என்று தோன்றியது.

"எல்லாரும் எனக்கு ரொட்டி, கேக்குன்னு குடுத்தாங்க. சாயந்தரம் கரையில பாட்டு பாடச் சொன்னாங்க. பாடனேன். ஆடக்கூட ஆடனேன். கை தட்டனாங்க. ரொம்ப சந்தோஷமா இருந்தேன். அந்தப் படகுல ஏறின நாள்லேர்ந்து அன்னிக்கு மட்டும்தான் சந்தோஷமா இருந்தேன்."

அவள் முகம் கோணியது. அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்பறேன்க்கா" என்றாள். "அழுதுக்கினு இருந்தேன்னு சொல்லியிருந்தாதான் நம்பியிருக்க மாட்டேன்."

வாசலில் கிடைக்காத அழுகை அப்போது எனக்கு வந்தது. அவளும் அழுதாள். தலையோடு தலை முட்டிக்கொண்டோம். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. பிறகு அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பொட்டிய தொறந்து தூக்கறதுக்கு முன்னாடி, அவரு காதுல குனிஞ்சி நான் சொல்லிட்டேன்க்கா. அக்கா வர்லப்பா, உன்ன எடுத்துட சொல்லிட்டாப்பான்னு. காத்துக்கினு இருப்பாரேன்னு சொன்னேன். அத்த இப்ப எங்க போயி மாத்தி சொல்றது?"